பூட்டிக் கிடக்கும் கட்டடங்கள்: வாசகர் கேள்வி – பதில்

புதுச்சேரியின் பழைய நகர்ப் பகுதியிலும் கடலூர் முதுநகரிலும் ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீடுகள், கடைகள், கிடங்குகள், ஆலைகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கடிதங்களிலிருந்து ஐந்து கேள்விகளுக்கு, பழைய கட்டடங்களைச் சீரமைக்கும் பணியில் உள்ள எங்கள் கட்டடப் பொறியாளர் இந்த இதழில் பதிலளிக்கிறார். சொத்து விவகாரம் என்பதால் கடிதம் எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: புதுச்சேரி ஈசுவரன் கோயில் வீதிக்கு அருகே எங்கள் தாத்தா வீடு பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. திண்ணை, முற்றம், தாழ்வாரம் எல்லாம் உள்ள வீடு. வாரிசுகள் ஐந்து பேர். அவர்களில் இருவர் பிரான்சில் இருக்கிறார்கள். இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டித் தருவதாக ஒரு கட்டுமான நிறுவனத்தார் கேட்கிறார்கள். கொடுத்துவிடலாமா, வைத்துக்கொள்வதில் பொருள் உண்டா? (ஒரு வாசகி, லாஸ்பேட்டை)

பதில்: அம்மா, கொடுப்பதா வைத்துக்கொள்வதா என்பதை நீங்கள் இப்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன் அந்த வீட்டுக்குள் தண்ணீர் இறங்காமல் செய்துவிட்டால், மற்ற எல்லா முடிவுகளையும் நிதானமாக எடுக்க உங்களுக்கு அவகாசம் கிடைத்துவிடும். நம் பகுதியில் பூட்டிய வீடுகள் பெரும்பாலும் வயதாகி விழுவதில்லை. மொட்டைமாடியின் மழைநீர்ப் போக்கு சருகால் அடைபட்டு, தேங்கிய நீர் தளத்துக்குள் இறங்கி, அதைக் கவனிக்க வீட்டில் ஆளில்லாமல் போவதால்தான் விழுகின்றன. ஃபெஞ்சல் புயல் கரையேறிய 2024 நவம்பர் 30-ஐ ஒட்டிய ஒரே நாளில் புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடைபட்ட ஒரு குழாய் அப்படிப்பட்ட இரவில் ஒரு தளத்துக்கு என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் வீட்டுத் தளம் மெட்ராஸ் டெரஸ் வகையாக இருக்கக்கூடும். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் மெல்லிய செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துவாட்டாக, மூலைவாக்கில் அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, தட்டோடு பதித்துக் கட்டுவது அது. கடுக்காய் நீரும் வெல்ல நீரும் சேர்த்து இடித்த அந்தத் தளத்துக்கு நூறாண்டு பெரிய வயதல்ல. அதன் பலவீனமான இடம் ஒன்றுதான்: கட்டைகளின் நுனி சுவருக்குள் புதைந்திருக்கும் பகுதி. நடுவில் கட்டை கல்போல இருக்கும்போதே சுவருக்குள் இருக்கும் ஒரு சாண் மட்டும் உளுத்துப் போயிருக்கும். ஆகவே வீட்டைப் பார்க்கப் போகும் மேஸ்திரி, சுவரோரமாக ஒவ்வொரு கட்டையையும் தட்டிப் பார்க்கவும் கம்பியால் குத்திப் பார்க்கவும் வேண்டும். உளுத்த நுனிக்குத் தற்காலிகமாக முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். சுவர்ப் பிளவில் முளைத்திருக்கும் அரசங்கன்றை மேலாக வெட்டினால் வேர் இன்னும் தடித்து வளரும். வேரோடு எடுத்து, பிளவைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்க வேண்டும். சன்னல்களை முழுவதும் அடைத்துவிடாமல் காற்றோட்டத்துக்கு வழி விடுங்கள். அடைத்த வீட்டில் ஓதமும் கறையானும் சேர்ந்தே வரும். மின் இணைப்பைப் பிரதான சுவிட்சிலேயே துண்டித்து வையுங்கள். இவ்வளவும் சேர்ந்து ஆகும் செலவு, முழுச் சீரமைப்புக்கு ஆகும் தொகையில் மிகச் சிறிய பங்குதான்.

அடுத்தது உரிமை. ஐந்து வாரிசுகள் என்கிறீர்கள். தாத்தா எந்த ஆண்டு மறைந்தார் என்று எழுதவில்லை. புதுச்சேரியில் அந்த ஆண்டு முக்கியமானது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1963 அக்டோபர் 1 முதல்தான் இங்கு நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நேர்ந்த மரணமானால், பிரெஞ்சு நீதிமன்றங்கள் பின்பற்றிய இந்து வழக்காற்றுச் சட்டத்தின்படியே பங்கு கணக்கிடப்படும். உங்கள் முன்னோர் 1881-ஆம் ஆண்டு ஆணையின்படி தம் தனிநபர் சட்டத்தைத் துறந்த ரெனோன்சான் குடும்பத்தவரானால், பிரெஞ்சு சிவில் சட்டமே பொருந்தும். எனவே புதுச்சேரிச் சொத்து வழக்குகளில் பழகிய வழக்குரைஞர் ஒருவரிடம் பழைய நொத்தேர் (பிரெஞ்சு முறைப் பத்திர அலுவலர்) பத்திரங்களோடு போய், யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை எழுத்தில் பெறுங்கள். பிரான்சில் உள்ளவர்கள் அதிகாரப் பத்திரம் அனுப்பினால், அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் இங்கு முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். பலர் இதைத் தவறவிட்டு மறுபடி எழுதி வாங்குகிறார்கள். வெறும் அதிகாரப் பத்திரத்தை வைத்து நடக்கும் விற்பனை உரிமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாகக் கூறியிருக்கிறது. பூட்டிக் கிடக்கும் வீடு போலிப் பத்திரக்காரர்களின் கண்ணுக்கும் படும் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை வில்லங்கச் சான்று எடுத்துப் பார்ப்பது நல்லது.

இனி, இடிப்பதா என்ற கேள்வி. தமிழர் பகுதி மனைகள் தெருப்பக்கம் குறுகியும் பின்பக்கம் நீண்டும் இருப்பவை. பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டியிருக்கும், சில இடங்களில் ஒரே சுவர் இரு வீட்டுக்கும் பொதுவாக இருக்கும். இடித்துக் கட்டும்போது இன்றைய விதிகளின்படி விட வேண்டிய காலி இடத்தையும் வண்டி நிறுத்துமிடத்தையும் கழித்தால், மனைப்படத்தில் காட்டப்படும் தளப் பரப்புக்கும் உங்கள் ஐவருக்கும் கடைசியில் பிரியும் பரப்புக்கும் பெரிய வேறுபாடு இருக்கும். அந்தக் கணக்கை நிறுவனத்தாரிடம் சதுர அடியாக எழுதிக் கேளுங்கள். அதன் பக்கத்திலேயே மற்றொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள்: தெருப்பக்கத் திண்ணையும் முன்னறைகளும் ஒரு மருத்துவருக்கோ தணிக்கையாளருக்கோ அலுவலகமாகவும், முற்றத்துக்குப் பின்னால் உள்ள பகுதி ஒரு குடும்பத்துக்குக் குடியிருப்பாகவும் வாடகைக்குப் போனால் என்ன வரும் என்பது அது. முற்றம் வைத்த வீடு இப்படி முன்னும் பின்னுமாகப் பிரிவதற்கு இயல்பாகவே ஏற்றது. கையில் பணமில்லையென்றால், சீரமைப்புச் செலவைக் குத்தகைக்காரர் ஏற்று, அதற்கு ஈடாகத் தொடக்க ஆண்டுகளின் வாடகையைக் கழித்துக்கொள்ளும் நீண்ட காலக் குத்தகை உண்டு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். எந்த வேலையைச் சுண்ணாம்பில் செய்ய வேண்டும், எதைத் தொடக்கூடாது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

குத்தகைக்குக் கேட்பவர்களில் பாதிப்பேர் தங்கும் விடுதி நடத்தத்தான் கேட்பார்கள். அது தவறில்லை, பல வீடுகளை அதுவே காப்பாற்றியிருக்கிறது. ஆனால் ஒரு தெருவில் எல்லா வீடும் விடுதியாகிவிட்டால், வாரக் கடைசியில் மட்டும் நிரம்பி மற்ற நாட்களில் அந்தத் தெரு மறுபடியும் காலியாகத்தான் இருக்கும். மளிகைக் கடையும் பால் கடையும் அங்கே நிலைக்காது. உங்கள் ஐவரில் ஒருவராவது, அல்லது வாடகைக்கு ஒரு குடும்பமாவது, அந்த வீட்டின் பின்கட்டில் குடியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான விருப்பம்.

கேள்வி: பழைய வீட்டுச் சுவரில் உப்புப் பூத்து உதிர்கிறது. சிமென்ட் பூச்சு பூசி எமல்ஷன் அடித்தால் நின்றுவிடும் என்கிறார் கொத்தனார். சரியா? (ஒரு வாசகர், முத்தியால்பேட்டை)

பதில்: சரியல்ல, ஐயா. சுண்ணாம்புச் சுவர் தான் உறிஞ்சிய ஈரத்தைப் பூச்சின் வழியாகவே வெளியே விட்டு உலரும். சிமென்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுவதால், ஈரம் பூச்சுக்குப் பின்னாலேயே தங்கி இன்னும் மேலே ஏறும். உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிந்து கல்லை மாவாக்கும். ஓரிரு மழைக்காலத்தில் பூச்சு, கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் ஒழுகும் கழிவுநீர்க் குழாயாகவோ, தெரு மட்டம் ஆண்டுதோறும் உயர்ந்து வீட்டு அடிச்சுவரை மூடியதாகவோ இருக்கும். அதைச் சரிசெய்து, உதிர்ந்த பூச்சை நீக்கி, சுவரை நன்றாக உலரவிட்டு, சுண்ணாம்புப் பூச்சும் வெள்ளையும் அடியுங்கள். இரும்பு உத்திரம் உள்ள வீடானால் துரு பிடித்த இடங்களையும் அப்போதே சுரண்டிப் பாருங்கள். கடற்காற்றில் துரு ஏறிய இரும்பு பருத்து, தன்னைச் சுற்றியுள்ள கட்டுமானத்தை உடைத்துவிடும்.

கேள்வி: கடலூர் முதுநகரில் என் இளமையில் துறைமுகக் கிடங்குகளும் கடைத்தெருவும் இருந்த நிலை வேறு, இன்று வரிசையாகப் பூட்டுகள் தொங்குகின்றன. சுனாமி, தானே புயல், 2015 வெள்ளம் என்று அடிமேல் அடி விழுந்த ஊர் இனி எழுமா? வெளிநாடுகளில் இப்படிப்பட்ட நகரங்கள் மீண்டதாகச் சொல்கிறார்களே! (ஓய்வுபெற்ற ஆசிரியர், கடலூர்)

பதில்: ஐயா, மீண்ட நகரங்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அமெரிக்காவின் டெட்ராய்ட்டைச் சொல்வார்கள். கார்த் தொழிலால் வளர்ந்த அந்நகரில் 1950-இல் பதினெட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். 2020-இல் சுமார் 6.4 லட்சம் பேரே இருந்தார்கள். 2013-இல் நகராட்சியே நொடித்துப்போனதாக அறிவிக்கக் கோரி நீதிமன்றம் சென்றது. அங்கே 1913-இல் திறந்த மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையம் 1988-இல் மூடப்பட்டு, முப்பது ஆண்டு சன்னலில்லாத கூடாக நின்றது. ஃபோர்டு நிறுவனம் 2018-இல் அதை வாங்கி, 2024 ஜூனில் மறுபடியும் திறந்தது. அதில் நாம் கவனிக்க வேண்டியது முதல் கட்ட வேலையை. அலங்காரத்துக்கும் புதிய அலுவலகங்களுக்கும் முன், நிலவறையில் தேங்கிய நீரை இறைத்து, கூரையை அடைத்து, ஊறிப்போன சுவர்களை உலர்த்துவதற்கே நெடுநாள் செலவிட்டார்கள். பழைய வணிகக் கட்டடங்களை வரலாற்றுத் தன்மை கெடாமல் புதுப்பிப்போருக்குத் தகுதியான செலவில் 20 சதவீதத்தை வரிச் சலுகையாகத் தருவதும் அந்நாட்டு அரசின் நெடுங்கால ஏற்பாடு. ஒரு பெரிய நிறுவனம் வந்து எடுத்துக்கொண்ட கதையாக மட்டும் இதைப் படித்தால் முதுநகருக்கு இதில் ஒன்றுமில்லை, ஏனென்றால் அப்படியொரு நிறுவனம் இங்கே வரப்போவதில்லை. முதலில் உலர்த்து, விதிமுறையோடு சலுகை கொடு என்ற இரண்டையும் எடுத்துக்கொண்டால் நமக்குப் பயனுண்டு.

உங்கள் ஊர் விழுந்து எழுவது புதிதுமல்ல. தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையை ஆங்கிலேயர் 1690-இல் வாங்கினார்கள். சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன 1746 முதல் 1752 வரை சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயருடைய தலைமையிடமே அதுதான். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை அதைப் பிடித்துத் தகர்த்தது. மூன்று ஆண்டு கழித்து, 1761-இல், ஆங்கிலேயர் புதுச்சேரியைத் தரைமட்டமாக்கினார்கள். 1765-இல் திரும்பப் பெற்ற பின் பிரெஞ்சுக்காரர் பழைய வீதி அமைப்பின் மேலேயே அதை மறுபடி கட்டினார்கள். இன்று நாம் பழமை என்று போற்றும் புதுச்சேரி நகரின் பெரும்பகுதி அந்த மறுகட்டுமானத்துக்குப் பின் எழுந்ததுதான்.

முதுநகருக்கு என்ன செய்யலாம்? ஆட்சியர் அலுவலகமும் நீதிமன்றமும் மஞ்சக்குப்பத்திலும், பேருந்து நிலையமும் கடைகளும் திருப்பாதிரிப்புலியூரிலும் என்று ஊரின் நடமாட்டம் வடக்கே போய்விட்டது. அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது, கொண்டுவர முயலவும் வேண்டாம். ஆனால் முதுநகருக்கே உரிய தொழில்களுக்கு இடம் தேவைப்படுகிறது. மீன் சார்ந்த வணிகத்துக்குக் குளிர்சேமிப்பு, படகு எஞ்சின் பழுதுபார்ப்பு, சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் வெளியூர்த் தொழிலாளர்களுக்கும் மாணவர்களுக்கும் குறைந்த வாடகையில் தங்குமிடம் என்று அந்தக் கிடங்குகளுக்குப் பொருந்தும் பயன்கள் பல உண்டு. கிடங்கின் பலமே அதன் உயரமான கூரையும் தூணில்லாத நடுவெளியும்தான். அவற்றைத் தடுப்புச் சுவர்களால் துண்டாடாமல் பயன்படுத்த வேண்டும். உப்பனாற்றுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட தாழ்ந்த நிலம் என்பதால், மின் பலகைகளையும் சேமிப்புத் தளத்தையும் 2015 வெள்ளக் குறிக்கு மேலே ஏற்றி அமைக்காத எந்தச் சீரமைப்பும் வீண்.

எல்லாவற்றுக்கும் முன் ஒரு பட்டியல் தேவை. கடலூர் 2021-இல் மாநகராட்சியாகிவிட்டது. சொத்துவரிப் பதிவேட்டையும், மின் வாரியத்தில் துண்டிக்கப்பட்ட இணைப்புகளின் பட்டியலையும், குடிநீர் இணைப்புப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே எந்தக் கதவு எண் எத்தனை ஆண்டாகப் பூட்டிக் கிடக்கிறது என்பது தெரிந்துவிடும். உங்களைப் போன்ற ஊர்ப் பெரியவர்கள் தெருத் தெருவாக நடந்து, உரிமையாளர் எங்கே இருக்கிறார், கூரை எந்த நிலையில் இருக்கிறது என்ற இரண்டை மட்டும் அதில் சேர்த்துக் கொடுத்தால், மாநகராட்சிக்கு அது பெரிய உதவி. நீங்கள் ஆசிரியராக இருந்தவர். உங்கள் பழைய மாணவர்கள் அந்தத் தெருக்களில் நிச்சயம் இருப்பார்கள்.

கேள்வி: கடலூர் சாலையில் ஏ.எஃப்.டி. (ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்) பஞ்சாலை மூடிக் கிடக்கிறதே, அதை அப்படியே வணிக வளாகமாக்கினால் என்ன? (ஒரு வாசகர், முதலியார்பேட்டை)

பதில்: 1898-இல் தொடங்கி, எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்ட ஆலை அது, தானே புயலில் பெருஞ்சேதம் அடைந்து, கடைசியில் 2020 ஏப்ரலோடு மூடப்பட்டது. புதுச்சேரிப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் 1936 ஜூலை 30-இல் பன்னிரண்டு பேரைத் துப்பாக்கிச் சூட்டில் இழந்து எட்டு மணி நேர வேலையைப் பெற்றவர்கள் என்பதை, இந்நகரின் ஆலை நிலங்களைப் பற்றி முடிவெடுப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன்.

வணிக வளாகம் பற்றி மும்பையின் அனுபவம் ஒன்றே போதும். அங்கே 1991-இல் வந்த விதி, மூடிய பஞ்சாலை நிலத்தை விற்கவோ மாற்றவோ விரும்பினால் மூன்றில் ஒரு பங்கு பொதுத் திறந்தவெளிக்கும், ஒரு பங்கு எளியோர் குடியிருப்புக்கும், மீதி உரிமையாளருக்கும் என்று வகுத்தது. 2001-இல் செய்த திருத்தம், அந்தப் பங்கீட்டை ஆலைக் கட்டடங்கள் நிற்காத காலி மனைக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. 2006-இல் உச்ச நீதிமன்றமும் திருத்தத்தை ஏற்றது. அதன்பின் பொதுமக்களுக்கும் தொழிலாளர் குடியிருப்புக்கும் கிடைத்த நிலம் மிகவும் குறைந்துபோனது. உயர்ந்த கோபுரங்களும் நெரிசலும் வந்தன. புதுச்சேரியில் ஆலை அரசின் கையிலேயே இருக்கிறது என்பது நமக்குக் கிடைத்த பெரிய நல்வாய்ப்பு. நிலத்தில் எவ்வளவு திறந்தவெளி, எவ்வளவு குடியிருப்பு, எவ்வளவு தொழில் என்பதை யாருக்கும் குத்தகை விடுவதற்கு முன்பே அரசாணையாக வெளியிட வேண்டும். நல்ல நிலையில் உள்ள கொட்டகைகளைச் சிறுதொழில் கூடங்களாகவும் பயிற்சி நிலையமாகவும் குறுகிய காலத்துக்கு இப்போதே திறந்துவிடலாம். பெருந்திட்டம் வரும்வரை பூட்டி வைத்தால் வரும்போது கூரை இருக்காது. 1870-71-இல் கட்டிய நம் மேரி கட்டடம் (பழைய நகராட்சி மண்டபம்) 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததையும், உலக வங்கி நிதியுதவியில் அதே தோற்றத்தில் மறுபடி கட்டி 2021 பிப்ரவரியில் திறந்ததையும் எல்லோரும் பார்த்தோம். புதிய கட்டடம் அழகாகவே இருக்கிறது; ஆயினும் விழுவதற்கு முன் பழுதுபார்த்திருந்தால் பழைய சுவர்களே நமக்கு மிஞ்சியிருக்கும்.

கேள்வி: பெரிய மார்க்கெட்டுக்கு அருகே பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். மேல்தளம் வெகுநாளாகக் காலி. உரிமையாளர் முழுக் கட்டடத்தையும் புதுப்பிக்கப் போவதாகச் சொல்லி, கடையைக் காலி செய்யச் சொல்கிறார். வேலை முடிந்ததும் திரும்ப வரலாம் என்கிறார். நம்பலாமா? (ஒரு வாசகர், புதுச்சேரி)

பதில்: ஐயா, அவர் நல்லெண்ணத்தோடு சொல்லியிருக்கலாம், ஆனால் வேலை முடியும்போது வாடகை மதிப்பும் மாறியிருக்கும், ஆசைகளும் மாறியிருக்கும். நகர மையம் சீரடையும்போது, அது மோசமாக இருந்த காலமெல்லாம் அங்கேயே கடை திறந்து வைத்திருந்தவர்கள் வெளியேற நேர்ந்தால், அந்தச் சீரமைப்பை நான் வெற்றியாகக் கருத மாட்டேன்.

முதலில், காலி செய்வது உண்மையில் தேவையா என்று பாருங்கள். மேல்தளத்துக்குத் தனிப் படிக்கட்டு இருந்தால், அதன் வேலையை முதலில் முடித்துவிட்டு, உங்கள் கடையைச் சில வாரங்கள் மட்டும் மூடிக் கீழ்த்தள வேலையைச் செய்ய முடியும். இந்தப் பகுதியில் மேல்தளங்கள் காலியாகக் கிடப்பதற்கே ஒரு பொதுக் காரணம், படிக்கட்டு கீழ்க்கடைக்குள் அடைபட்டுப் போனதுதான். உங்கள் கடையில் அப்படிப் படிக்கட்டு இருந்தால், அந்தச் சிறு இடத்தை விட்டுக்கொடுக்க நீங்கள் முன்வருவதே பேச்சுவார்த்தையில் உங்களுக்கு நல்ல பிடிமானம். கட்டடம் ஆபத்தான நிலையில் இருந்து வெளியேறுவது தவிர்க்க முடியாததானால், திரும்பத் தரப்படும் கடையின் அளவு, தெருமுகத்தில் அது இருக்கும் இடம், வாடகை, வேலை முடிக்க வேண்டிய தேதி, தேதி தவறினால் தர வேண்டிய ஈடு, முன்பணம் யாரிடம் இருக்கும் ஆகியவற்றை ஒப்பந்தமாக எழுதிப் பதிவு செய்த பிறகே சாவியைக் கொடுங்கள். இதுவரை கட்டிய வாடகை ரசீதுகளையும், உங்கள் பெயரில் உள்ள மின் கட்டண அட்டையையும், வணிக உரிமத்தையும் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக் கட்டுப்பாட்டு வழக்குகள் நடத்தும் வழக்குரைஞர் ஒருவரிடம் அந்த ஒப்பந்தத்தின் வரைவைக் கையெழுத்திடும் முன்பே காட்டுங்கள். கட்டணம் செலுத்த இயலாதென்றால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் இலவச ஆலோசனை கேட்கலாம்.